லாண்டரிக்காரரின் முகம்

போன மாதம் துபாயில் ஒரு திரையரங்கில் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்தேன். வேலை கிடைக்காத இரண்டு இளம் நடிகர்களைப் பற்றிய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். வெளியான காலத்தில் அது ஓடவில்லை. பிறகு வாடகைக் கேசட்டுகள் வழியாக மெல்லப் பரவியது. இன்று அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அன்றும் அரங்கில் பாதிப் பேர் திரையை முந்திக்கொண்டு பேசினார்கள். வாசலில் வயது வரம்பு மட்டும் எழுதியிருந்தது. படத்தில் எதுவும் வெட்டப்படவில்லை.

கடைசிக் காட்சியில் எல்லோரும் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையின் வலது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நகத்தளவு ஒரு முகமும் அதற்கு முன்னால் ஒரு பாட்டிலும் இருந்தன.

என்னை அழைத்துப்போனவர் ரெஜினா. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவர். வெளியே வந்ததும், "அக்கா, இந்தப் படத்தை விமானத்தில் காட்ட நாம்தான் வெட்டித் தயார் செய்தோம் என்று ஆபீசில் சொல்கிறார்கள். இவ்வளவு குடியை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். இப்போது வெட்டுவதற்குப் பதிலாக வயது வரம்பு போடுவது வழக்கமாகிவிட்டது. அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். படத்தின் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் துபாய் வந்து, சத்வாவில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கினேன். விமான நிறுவனங்களுக்கும் வளைகுடாத் தொலைக்காட்சிகளுக்கும் படங்களைத் தயார் செய்யும் நிறுவனம் ஒன்றில், பிழை பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். வசன வரிகளில் பிழை பார்க்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் படத்தையே வெட்டும் இடத்துக்கு வந்தேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் குணம் சார். யாழ்ப்பாணத்துக்காரர். இளமையில் லண்டனில் படித்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்து போய்த் தன் தேநீர்க் குவளையைக் கழுவுவார். குவளை எவ்வளவு நேரம் கழுவப்படுகிறது என்பதை வைத்து நாங்கள் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம்.

வேலை முறை அவர் வகுத்ததுதான். முதல் தடவை படத்தைப் பேனா இல்லாமல் முழுதாகப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும். அவரே பின்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் சிரிக்கிறோமா என்று கவனிப்பார். இரண்டாம் தடவைதான் குறிப்பு எடுக்கலாம்: மது, பன்றி இறைச்சி, முத்தம், கெட்ட வார்த்தை, மதத்தைப் புண்படுத்துவது. விமானத்துக்கு என்றால் விமான விபத்தும் கூடாது. மூன்றாம் தடவைதான் கத்தரி.

கத்தரிக்கும் அவர் கட்டுப்பாடு வைத்திருந்தார். பாட்டிலை மங்கலாக்கக் கூடாது. மங்கலாக்கினால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். கெட்ட வார்த்தை மேல் 'பீப்' ஒலி போடக் கூடாது. அதே நடிகர் படத்தில் வேறெங்காவது சொன்ன நல்ல வார்த்தையை எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். ஒரு வார்த்தைக்காக ஒரு பகல் முழுவதும் தேடியிருக்கிறேன். "பிளேனில இருக்கிற சனத்துக்கு நாங்கள் எண்டு ஒரு கூட்டம் இருக்கிறதே தெரியக் கூடாது" என்பார்.

வேலை முடிந்த படத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு சிறிய அறை. கழித்துப் போட்ட விமானம் ஒன்றிலிருந்து வாங்கிய இரண்டு இருக்கைகள் அங்கே தரையில் முடுக்கப்பட்டிருந்தன. முன்னால், இருக்கை முதுகில் இருக்கும் சின்னத் திரை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் இடிக்க, அந்தத் திரையில்தான் இறுதியாகப் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதை ராகிங் என்று நினைத்தார்கள். இந்த அறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் படம் எங்களிடம் வந்தது, இன்று வெட்டாமல் காட்டுகிறார்களே, அதற்கு ரொம்ப முன்னால். எல்லாப் படமும் கைப்பேசியில் கிடைத்துவிடும் காலம் அல்ல அது. பிரிட்டிஷ் நகைச்சுவைகள் என்று மொத்தமாக வாங்கிய கட்டுக்குள் அதுவும் இருந்தது. வாங்கியது மது பரிமாறாத ஒரு விமான நிறுவனம். பயணிகளில் பெரும்பாலோர் விடுப்பில் ஊருக்குப் போகும் தொழிலாளர்கள், புனிதப் பயணம் போகிறவர்கள்.

கதை எளிது. லண்டனில் ஒரு லாண்டரிக்கு மேலே இருக்கும் அறையில் இரண்டு நடிகர்கள் தங்கியிருக்கிறார்கள். கோழி வேஷம் போட்டுக் கடைத்தெருவில் துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். நாடகம் ஒன்றில் பிணமாக நடிக்க இரண்டு பேருமே போய், யார் நல்ல பிணம் என்று சண்டை போடுகிறார்கள். கிடைக்கும் காசுக்குக் குடிக்கிறார்கள். கடைசியில் ஒருவனுக்கு வாய்ப்பு வந்து அவன் போய்விடுகிறான். மற்றவன் கீழே லாண்டரிக்கு இறங்கி வருகிறான். நடிகர் தேர்வுக்கென்று தயார் செய்து, பேசிக்காட்ட வாய்ப்பே கிடைக்காத நீண்ட வசனத்தை, சுழலும் இயந்திரங்களுக்கு நடுவே பேசுகிறான். கடையை மூட வந்த லாண்டரிக்காரர் மேசையில் பாட்டிலை வைத்துவிட்டு நின்று கேட்கிறார். அத்தோடு படம் முடிகிறது.

முதல் தடவை பார்த்தபோது நான் பிணச் சண்டையில் வாய்விட்டுச் சிரித்தேன். பின்வரிசையில் சத்தமே இல்லை. திரும்பினால் குணம் சார் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டதும் என்னிடம் வந்தார்.

"சீலி, இந்தப் படத்தை நீர் செய்யும். நான் கை வைக்கக் கூடாது. அந்த லாண்டரிக்காரன் என்ரை கூட்டாளி."

மேலதிகாரிக்கும் அதையே எழுதி அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். முடிந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் அவரிடமே இருந்தது. அவர் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அவரைத் தெரியும் என்பது திரையில் பார்த்தபோது உறைக்கவில்லை, பிறகுதான் புரிந்தது. திரையில் இருந்தவர் அடர்ந்த முடியுள்ள இளைஞர். எனக்குத் தெரிந்த தேவா அண்ணன் துபாயிலேயே தேரா பகுதியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் முடி இல்லை. இடது புருவத்துக்கு மேலே இருக்கும் மச்சம் மட்டும் மாறவில்லை.

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் விடுப்பு டிக்கெட் அந்தக் கடையில்தான். கீழக்கரை ஹாஜியார் ஒருவரின் கடை. தேவா அண்ணன் இளைஞராக இருந்தபோது லண்டனில் ஆங்கிலப் படத்தில் நடித்தவர் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை. ஒருவரும் அதை நம்பவில்லை என்பதும் தெரிந்ததுதான். படத்தை யாரும் பார்த்ததில்லை. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயரும் இல்லை, 'லாண்டரிக்காரர்' என்று போட்டதோடு சரி. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வாய்ப்பும் வரவில்லை. சில ஆண்டுகள் அலைந்துவிட்டு வளைகுடாவுக்கு வந்துவிட்டார்.

ஹாஜியார் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. கூட்டம் நெருக்கும்போது உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "என்ன ஹீரோ, அந்த மதுரை டிக்கெட்டு என்னாச்சு? லண்டன்ல நடிச்சவரு இங்க லக்கேஜ் எத்தனை கிலோன்னு கேட்டுட்டு நிக்கிறாரு, பாவம்."

தேவா அண்ணன் சிரித்துக்கொண்டே விசைப்பலகையைத் தட்டுவார். ஒரு தடவை மட்டும், நான் காத்திருந்தபோது, கேட்காமலே சொன்னார். அந்தக் காட்சியை எடுத்த அன்று இயக்குநர் அவரிடம், உனக்கு ஒரு க்ளோசப் எடுக்கிறேன், போய்விடாதே என்றாராம். இவர் மேசைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாராம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்களாம். கேமராவைப் பெட்டியில் வைத்தார்களாம். எல்லோரும் போன பிறகு லாண்டரியின் உண்மையான உரிமையாளர் வந்து கடையைப் பூட்ட வேண்டும் என்றாராம்.

உள்ளேயிருந்து ஹாஜியார் சொன்னார்: "க்ளோசப்தானே? பக்கத்துக் கடையில பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்குறான். நான் எடுத்துத் தர்றேன், போ."

கடையே சிரித்தது. தேவா அண்ணனும் சிரித்தார். எனக்கு டிக்கெட்டை நீட்டும்போது இருக்கை எண்ணைத் தவறாகச் சொன்னார். அதற்கு முன் அவர் தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். படம் முழுக்க குடி. ஆனால் அந்த இரண்டு பேரும் ஏழைகள், கண்ணாடிக் குவளை வாங்க வழியில்லை, தேநீர்க் கோப்பையில்தான் ஊற்றிக் குடிக்கிறார்கள். அதனால் பாட்டிலும் ஊற்றுவதும் மட்டும் போனால் போதும், பேச்சைக் காப்பாற்றிவிடலாம். கோப்பைகளைப் பற்றி குணம் சாரிடம் கேட்டபோது, "கோப்பைக்குள்ள என்ன இருக்கெண்டு படத்தில ஆரும் சொல்லேல்லை. நாங்களும் சொல்லத் தேவையில்லை" என்றார். அப்படியே ஒவ்வொரு காட்சியாகக் காப்பாற்றிக்கொண்டு கடைசிக் காட்சிக்கு வந்தேன்.

அங்கேதான் சிக்கல். லாண்டரிக்காரர் தெரியும் இடமெல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை. அவர் மேசைக்குப் பின்னால் மூலையில் நிற்கிறார். மேசையில் பாட்டில். முகத்துக்குக் கீழே அது தெரியாத ஒரு நொடி இல்லை. விதிப்படி அவை எல்லாமே போக வேண்டும். வெட்டினேன். அவர் இருந்த இடங்களில் சுழலும் இயந்திரங்களின் கண்ணாடிக் கதவுகளை வைத்தேன். ஒட்டு தெரியவில்லை. தொழில் என்ற அளவில் அது சுத்தமான வேலை.

அந்த வாரம் தேவா அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருந்தேன். தேதிகளைச் சொன்னார். கட்டணம் ஏறும் என்றார்.

"படம் உங்களிட்டை வந்திருக்காம், தங்கச்சி. குணம் சொன்னவன். அதுக்கு மேல அவன் ஒண்டும் சொல்ல மாட்டான், நானும் கேக்கேல்லை." விசைப்பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். "நான் இருக்கிறனோ?"

"இன்னும் முடியல அண்ணே" என்றேன். அது உண்மை. கையெழுத்து ஆகாத வேலை முடிந்த வேலை அல்ல. ஆனால் அவர் எத்தனையோ பேரிடம் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று சொல்லிப் பழகியவர். என் குரலில் இருந்தது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

மறுநாள் குணம் சார் என் வெட்டைப் பார்த்தார். முடிந்ததும், "சுத்தமா இருக்கு" என்றார். எழுந்து போய்க் குவளையைக் கழுவினார். வழக்கத்தைவிட அதிக நேரம். திரும்பி வந்து கதவில் சாய்ந்து நின்றார். கூட்டாளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் படம் முடியும் வரைக்கும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு.

"சீலி, அந்தப் பெடியன் இப்ப ஆருக்குப் பேசுறான்?"

"மெஷினுக்கு, சார்."

"அப்ப அவனுக்கு விசர் எண்டெல்லோ சனம் நினைக்கும்? ஒரு ஆள் நிண்டு கேக்கிறதாலைதான் அவன் நடிகன். கேக்கிற ஆளை எடுத்தா, பைத்தியம் பிடிச்ச ஒருத்தன்ரை படமா முடியுது. இது பகிடிப் படம்."

மதுரை நாளிதழில் ஒரு மூத்த துணையாசிரியர் இருந்தார். செய்தியைச் சுருக்கும்போது ஒரு வரியை எடுத்தால் மற்ற வரிகள் பொய்யாகுமா என்று பார்த்துவிட்டு எடு என்பார். குணம் சாரின் கேள்வி அதேதான். விதி மாறவில்லை. பாட்டில் இருக்கக் கூடாது. ஆனால் கேட்கிற ஆள் இருந்தாக வேண்டும்.

நான் மறுபடி உட்கார்ந்தேன். மிச்சமிருந்த வழி சட்டகத்தைப் பெரிதாக்குவது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஓரங்கள் வெளியே போகும். சிகரெட், சுவரொட்டி போன்ற சின்ன விஷயங்களுக்கு அதைச் செய்வோம். பாட்டில் வெளியே போகும் வரை பெரிதாக்கிக்கொண்டே போனேன். பாட்டிலின் கழுத்து கடைசி வரை அடம்பிடித்தது. அது போனபோது சட்டகத்தில் மேசையும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஒரு முகம் மட்டும் இருந்தது. என் பெரிய திரையில் அது மாவு தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. பயன்படாது என்று குணம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏன் இதில பாக்கிறீர்? இதிலையோ சனம் பாக்கப் போகுது?" என்றார்.

விமான இருக்கை அறைக்குப் போனோம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தச் சின்னத் திரையில் புள்ளி எதுவும் தெரியவில்லை. ஒரு முகம் தெளிவாகத் தெரிந்தது. தேவா அண்ணன் அந்தக் காட்சியில் என்ன செய்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். முதலில் கடையைப் பூட்ட வேண்டுமே என்ற எரிச்சல். வசனத்தின் நடுவில் அந்த எரிச்சல் எங்கே போனது என்று தெரியாமல் போய்விடுகிறது. ஓர் இடத்தில் பையன் ஒரு சொல்லைத் தடுமாறுகிறான். இவருடைய உதடு மிக லேசாக, அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பதுபோல அசைகிறது. தூரத்தில் நிற்கும் கேமரா இதைப் பிடிக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்திருக்கிறார்.

குணம் சார் பெல்ட்டைக் கழற்றாமலே காட்சியை இன்னொரு தடவை ஓட்டினார். பிறகு, "வெட்டத்தான் எங்களுக்கு உரிமை. பெருப்பிக்க உரிமை இல்லை. கேக்க வேணும்" என்றார்.

ஒப்பந்தப்படி அது சரி. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இயக்குநரின் சம்மதம் வேண்டும். சம்மதம் வராவிட்டால் முதல் வெட்டே விமானத்துக்குப் போகும் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். அந்த ஒரு காட்சியை மட்டும் லண்டனுக்கு அனுப்பினோம். இயக்குநருக்கு வயதாகியிருந்தது. பதில் வரத் தாமதமானது. அதற்குள் தேராவில் தேவா அண்ணன் இரண்டு தடவை எனக்கு டிக்கெட் விவரம் சொன்னார். இரண்டு தடவையும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இயக்குநர் தொலைபேசியில் நேராக குணம் சாரை அழைத்தார். பேசி முடித்ததும் குணம் சார் என் மேசைக்கு வந்து, எழுத்தில் சம்மதம் வருகிறது, தொடரலாம் என்றார். வேறென்ன சொன்னார் என்று கேட்டேன். அந்த ஆள் யார் என்று கேட்டாராம். இவர் பெயரைச் சொன்னாராம். இயக்குநருக்கு அந்தப் பெயர் நினைவில் இல்லையாம். இப்படி ஒரு ஷாட்டை நான் எடுத்ததாகவே ஞாபகமில்லையே என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"எடுக்கேல்லைத்தான் எண்டு சொன்னன்."

கையெழுத்துப் போட்டார். தேவா அண்ணனிடம் எதுவும் சொல்லக் கூடாது என்றார். விமானத்தில் ஏறும் வரை படம் வாடிக்கையாளருடையது, அதில் என்ன செய்தோம் என்பது வெளியே போகக் கூடாது. எந்தப் படத்துக்கும் அதுதான் விதி. கூட்டாளி என்பதற்காக அவர் அதைத் தளர்த்தவில்லை.

படம் விமானங்களில் ஏறிச் சில வாரங்கள் கழித்து, பிள்ளைகளின் டிக்கெட்டை வாங்கத் தேராவுக்குப் போனேன். விடுமுறைக் கூட்டம். தேவா அண்ணன் என் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துப் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் நின்றவர் அரியலூர்ப் பக்கத்துத் தொழிலாளி. ஊருக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். தன் அறைத்தோழர் ஒருவருக்கு டிக்கெட் போட வந்திருந்தார். அவர் வெகுநேரமாகத் தேவா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்க பிளேன்ல வந்தீங்கல்ல?"

தான் அண்மையில் எங்கும் போகவில்லை என்றார் தேவா அண்ணன்.

"இல்ல சார், டிவியில. இங்கிலீஷ் படம். துணி தொவைக்கிற கடையில நிப்பீங்க. நம்மாளு மூஞ்சியா இருக்கேன்னுதான் மாத்தாம விட்டேன்."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. உள்ளே ஹாஜியார் யாருடனோ பேசிக்கொண்டிருந்த பேச்சும் நின்றது.

"அது நான்தான் தம்பி" என்றார் தேவா அண்ணன். "மூலையில சின்னதா நிண்டிருப்பன். நீங்கள் எப்பிடிக் கண்டனீங்கள்?"

"மூலையா? ஸ்க்ரீன் முழுக்க நீங்கதான் சார். இந்த மச்சம்கூடத் தெரிஞ்சுது." அவர் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

தேவா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பாஸ்போர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன். ஹாஜியார் தன் அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். "ஸ்க்ரீன் முழுக்கவா?" என்று அந்தத் தொழிலாளியிடம் மட்டும் கேட்டார்.

"முழுக்க பாய்." பிறகு அவருக்கு ஏதோ ஒரு குறை நினைவுக்கு வந்தது. "ஆனா அந்தப் பையன்தான் பேசிக்கிட்டே இருக்கான். நீங்க ஒரு வார்த்தகூடப் பேசலையே சார்?"

"எனக்குப் பேச்சுத் தரேல்லை, தம்பி. நிண்டு கேக்கச் சொன்னவங்கள்."

அந்தத் தொழிலாளி அதைச் சற்று யோசித்துப் பார்த்தார். படத்தை மனத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் கேட்டுக்கிட்டு நின்னீங்க" என்றார்.